போலீஸ்காரர்களுக்குக் கேக் உருண்டை கொடுக்கலாமா? எப்படிச் செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டெக்சஸில் டாலஸுக்குப் பக்கத்தில் ஒரு புறநகரில் இருக்கிறீர்கள். உங்கள் மகளும் அவள் தோழிகளும் ஊர்க் காவல் நிலையத்துக்கு வீட்டில் செய்த கேக் பால்ஸ் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். தொப்பி, பேட்ஜ் எல்லாம் வைத்து அலங்கரிக்க வேண்டும். வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. எப்படிச் செய்வது, கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்தப் பக்கத்தில்தான் வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், அதனால் இரண்டு கேள்விக்குமே பதில் சொல்ல முடியும். இரண்டாவதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பதிலைப் பொறுத்துத்தான் செய்முறையே மாறும்.

ஓவனைப் பற்ற வைக்கும் முன் நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். அவசர உதவி எண்ணான 911 வேண்டவே வேண்டாம். அவசரமில்லாத அழைப்புக்கென்று ஒவ்வொரு ஊர் காவல்துறைக்கும் தனி எண் உண்டு, ஊரின் இணையதளத்திலேயே இருக்கும். "சமூகத் தொடர்பு அதிகாரியிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: வீட்டில் செய்த பண்டம் வாங்குவீர்களா, எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் கொண்டுவரலாம். சில துறைகள் வீட்டுப் பண்டத்தை வாங்குவதே இல்லை. உங்கள் மேல் சந்தேகப்பட்டு மறுப்பதாக நினைக்காதீர்கள். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத உணவைச் சாப்பிடாதே என்பது அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே சொல்லித் தரப்படும் எச்சரிக்கை. வேறு சில இடங்களில் சந்தோஷமாக வாங்கி, பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போய்ச் சுற்றிக்கூடக் காட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்து எது எப்படி என்று ஊகிக்க முடியாது.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு தயக்கமும் வரும். போலீஸுக்கு ஏதாவது கொடுத்தால் அது வேறு மாதிரிப் போய்விடாதா? நியாயமான தயக்கம்தான். அமெரிக்காவிலும் இதற்கு விதிகள் இருக்கின்றன. எஃப்.பி.ஐ. போன்ற மத்திய அரசு ஊழியர்கள் ஒரே ஆளிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர், ஆண்டுக்கு 50 டாலர் மதிப்புக்கு மேல் பொதுவாக அன்பளிப்பு வாங்கக் கூடாது. நகரப் போலீஸுக்கும் ஷெரிஃப் (கவுண்டிக் காவல் தலைவர்) அலுவலகத்துக்கும் அந்தந்த ஊர் விதி. பெயர் சொல்லி ஒருவருக்குக் கொடுப்பதைவிட, நிலையத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பெட்டியாகக் கொடுப்பதே இரு தரப்புக்கும் சங்கடமில்லாத வழி. உங்கள் வீட்டில் யாருக்காவது டிராஃபிக் டிக்கெட்டோ வழக்கோ அங்கே நிலுவையில் இருந்தால், அது முடியும் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சாலையில் காரை நிறுத்திய அதிகாரியிடம் பெட்டியை நீட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

என்றைக்குக் கொடுப்பது என்பதற்கு வழி நிறைய. ஜனவரி 9 போலீஸாருக்கு நன்றி சொல்லும் நாளாக 2015 முதல் கொண்டாடப்படுகிறது. மே 15 பணியில் உயிர்விட்டவர்களின் நினைவு நாள். அந்த நாளையும் அது வரும் வாரத்தையும் 1962இல் அதிபர் கென்னடி அறிவித்தார். அந்த வாரத்தில் நிலையங்களுக்கு ஏற்கெனவே நிறையத் தின்பண்டம் வந்து குவியும், உங்கள் பெட்டி பத்தோடு பதினொன்றாகப் போக வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால், டெக்சஸில் இருப்பவர்களுக்கு மிகப் பொருத்தமான நாள் நேஷனல் நைட் அவுட். 1984இல் தொடங்கிய இந்த நிகழ்ச்சி பெரும்பாலான மாநிலங்களில் ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். வெயில் தாங்காது என்பதால் டெக்சஸில் அக்டோபர் முதல் செவ்வாய்க்கு வைத்திருக்கிறார்கள். அன்று மாலை தெருவாசிகள் எல்லோரும் வெளியே நாற்காலி போட்டு உட்கார, போலீஸ்காரர்கள் தெருத் தெருவாக வந்து பேசிவிட்டுப் போவார்கள். செய்தவரைக் கண்ணால் பார்த்து, பிள்ளைகள் கையாலேயே வாங்கிக்கொள்ளும்போது, யார் செய்த பண்டமோ என்ற தயக்கம் பாதி குறைந்துவிடும்.

இன்னொரு தேதியையும் சொல்லிவைக்கிறேன். ஏப்ரல் இரண்டாவது வாரம் 911 அழைப்பை எடுத்துப் பேசும் டிஸ்பாட்ச் ஊழியர்களுக்கான வாரம். சீருடை போட்டவர்களுக்கு நன்றி சொல்ல ஆள் இருக்கிறது; ராத்திரி முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அழுகிறவர்களை நிதானப்படுத்தி விலாசம் வாங்குபவர்களை யாரும் நினைப்பதில்லை. பெட்டி கொடுக்கும்போது அவர்களுக்கும் ஒன்று தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, இனி அடுப்படிக்கு வரலாம்.

கேக் பால் என்பது, வெந்த கேக்கை உதிர்த்து, கொஞ்சம் ஃப்ராஸ்டிங் (கேக் மேல் பூசும் இனிப்புக் கிரீம்) சேர்த்துப் பிசைந்து, உருட்டி, உருக்கிய மிட்டாய்ப் பூச்சில் முக்கி எடுப்பது. குச்சி சொருகினால் அதுவே கேக் பாப். 2011இல் ஸ்டார்பக்ஸ் விற்கத் தொடங்கிய பிறகு அது எல்லோருக்கும் பழகிவிட்டது. நம் ஊர் பேக்கரிகளில் மீந்த கேக் தூளில் கோகோ சேர்த்து உருட்டி விற்கும் ரம் பால் இதற்குச் சித்தப்பா முறை. போலீஸ் நிலையத்துக்குக் குச்சி இல்லாத உருண்டைதான் வசதி. குச்சி வைத்தால் நிமிர்த்தி வைக்க ஸ்டாண்டு வேண்டும், காரில் ஆடும், பெட்டி மூடாது.

ரம் பால் என்று சொன்னதும் ஒரு எச்சரிக்கை. பணியில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில் ரம், பிராந்தி எசென்ஸ், மதுவில் ஊறிய பழம் எதுவும் வேண்டாம். கசகசாவும் வேண்டாம். கசகசா சாப்பிட்டால் சிறுநீர்ப் பரிசோதனையில் ஓபியம் வகைப் பொருள் இருப்பதாகக் காட்டக்கூடும். இந்தக் காரணத்துக்காகவே 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைவீரர்களைக் கசகசா சேர்ந்த பண்டங்களைத் தவிர்க்கச் சொன்னது. போலீஸ்காரர்களுக்கும் போதைப்பொருள் பரிசோதனை உண்டு. எலுமிச்சைக் கேக்கில் கசகசா தூவுவது இங்கே சகஜம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். வேர்க்கடலை, முந்திரி, பாதாமையும் விட்டுவிடுங்கள். ஐம்பது பேர் சாப்பிடும் பெட்டியில் யாருக்கு எது ஒவ்வாது என்று தெரியாது.

முட்டையில்லாத தயிர்க் கேக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைப் போட்டுக் கரையும் வரை அடியுங்கள். அதில் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் சேர்த்துக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்து வரும். பிறகு அரை கப் எண்ணெய், ஒரு டீஸ்பூன் வனிலா, ஒன்றரைக் கப் சலித்த மைதா. மைதாவைச் சேர்த்த பிறகு அதிகம் அடிக்காதீர்கள். எட்டு அங்குல டின்னில் ஊற்றி 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 30 முதல் 35 நிமிடம். டூத்பிக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். இதில் 25 உருண்டைக்குச் சற்று மேல் கிடைக்கும். 40க்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு டின் சுடுங்கள். முட்டை சேர்ப்பவர்கள் கடையில் விற்கும் ஒரு பெட்டி கேக் மிக்ஸைச் சுட்டால் கிட்டத்தட்ட 40 வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுடவே வேண்டாம், கேக் மிக்ஸை அப்படியே கிரீம் சீஸோடு பிசைந்து உருட்டினால் போதும் என்று ஒரு குறுக்குவழி உலவுகிறது. அதைச் செய்யாதீர்கள். பச்சை மாவு கிருமி நீக்கப்பட்டது கிடையாது. ஈ. கோலை, சால்மொனெல்லா போன்றவை அதில் இருக்கலாம் என்று உணவு, மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. உங்கள் வீட்டில் நாலு பேர் சாப்பிடுவதற்கே கூடாது. ஊர்க் காவல் பார்க்கும் ஒரு ஷிஃப்ட் மொத்தத்தையும் வயிற்றுப்போக்கில் தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

கேக் முழுக்க ஆறிய பிறகுதான் உதிர்க்க வேண்டும். ஓரத்தில் முறுகிய பழுப்புப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள், அது உருண்டைக்குள் கட்டி கட்டியாக நிற்கும். கையாலேயே தேய்த்து உதிர்க்கலாம். மிக்ஸியில் போடுவதென்றால் ஒரு சுற்று போதும், கூடினால் மாவுப் பதமாகிவிடும்.

அடுத்து ஃப்ராஸ்டிங். பலருக்கும் தவறுவது இங்கேதான். கடையில் விற்கும் ஒரு டப்பா முழுவதையும் கொட்டச் சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. அப்படிச் செய்தால் உருண்டை பிசுபிசுவென்று, தின்றால் பச்சை மாவைத் தின்பது போல இருக்கும். அந்தக் கொழுப்பு பூச்சில் உள்ள சின்னத் துளை வழியே கசிந்து மஞ்சளாக முத்து முத்தாக வேறு நிற்கும். ஒரு பெட்டி கேக்குக்கு 100 கிராமில் தொடங்குங்கள். பிசைந்து ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். மாலாடு பிடிக்கும் பதம் உங்கள் கைக்கே தெரியும், அதே பதம்தான்: பிடித்தால் நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. போதவில்லை என்றால் ஒவ்வொரு ஸ்பூனாகக் கூட்டுங்கள். 200 கிராமைத் தாண்ட வேண்டியிராது. தயிர்க் கேக் இயல்பிலேயே ஈரமானது என்பதால் இன்னும் குறைவாகவே பிடிக்கும். வீட்டில் செய்த கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங்கை இந்தப் பரிசுக்குச் சேர்க்காதீர்கள். அதைக் குளிரில் வைக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. நிலையத்தின் சாப்பாட்டு மேசையில் உங்கள் பெட்டி காலையிலிருந்து ராத்திரி வரை கிடக்கும். டப்பாவில் வரும் சாதா வனிலா அல்லது சாக்லேட் ஃப்ராஸ்டிங் அப்படிக் கிடந்தாலும் தாங்கும்.

ஒவ்வொன்றும் 25 கிராம் என்று தராசில் நிறுத்து உருட்டுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். ஒரே அளவாக இருந்தால்தான் பெட்டியில் வரிசையாக நிற்கும். தட்டில் பார்ச்மென்ட் தாள் விரித்து அடுக்கி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

பூச்சுக்கு கேண்டி மெல்ட்ஸ் என்று விற்கும் வில்லைகள்தான் சுலபம். அசல் சாக்லேட்டைச் சரியான சூட்டில் உருக்கி ஆற்றும் டெம்பர் முறை தெரிந்தால் அது இன்னும் ருசி, ஆனால் முதல் தடவையிலேயே அந்தப் பக்கம் போக வேண்டாம். 40 உருண்டைக்கு 340 கிராம் பை இரண்டு வாங்குங்கள். அவ்வளவும் செலவாகாது, ஆனால் முக்குவதற்கு ஆழம் வேண்டுமே. குறுகலான, உயரமான கண்ணாடிக் குவளையில் போட்டு மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் 30 வினாடி, எடுத்துக் கிளறல், மறுபடி 30 வினாடி என்று உருக்குங்கள். முழுச் சக்தியில் வைத்தால் அடியில் கருகிக் களிமண்ணாகிவிடும், அதை மீட்க முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரிந்து இறுகும், அதனால் ஸ்பூன், குவளை எல்லாம் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். தளர்த்த வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். பாலும் வெண்ணெயும் சேர்க்காதீர்கள், அவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. நிறமும் அப்படியே: சாதாரண ஃபுட் கலர் தண்ணீர் சார்ந்தது, பூச்சைத் திரித்துவிடும். மிட்டாய்க்கென்று எண்ணெய் சார்ந்த நிறம் தனியாக விற்கிறது.

முக்கும் முன் உருண்டைகளை வெளியே எடுத்து ஐந்து, பத்து நிமிடம் வையுங்கள். ஜில்லென்ற உருண்டையைச் சூடான பூச்சில் முக்கினால், மேலே உடனே இறுகிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கேக் அறைச் சூட்டுக்கு வரும்போது விரியும், பூச்சு படக்கென்று விரிசல் விடும். விரிசல் வந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு கொடுத்து மறைப்பதைவிட, முதலிலேயே இந்த ஐந்து நிமிடம் பொறுப்பது மேல். முள்கரண்டியில் உருண்டையை வைத்து முக்கி, குவளை விளிம்பில் கரண்டியைத் தட்டித் தட்டி அதிகப்படியை வடித்து, டூத்பிக்கால் தாளின் மேல் தள்ளிவிடுங்கள். அடிப்பக்கமும் மூடியிருக்க வேண்டும். திறந்த இடம் இருந்தால் எண்ணெய் கசிவதும் கேக் காய்வதும் அங்கேதான் தொடங்கும்.

இப்போது நிறம். போலீஸ் என்றதும் எல்லோரும் கரு நீலத்தில் முக்க நினைப்பார்கள். பூச்சை அந்த அளவுக்கு நீலமாக்க வேண்டுமென்றால் நிறம் ஏராளமாக ஊற்ற வேண்டியிருக்கும், தின்பவரின் நாக்கும் பல்லும் உதடும் நீலமாகிவிடும். அதோடு அவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி நின்றால் எப்படி இருக்கும்? ஆகவே பெரும்பாலான உருண்டைகளை டார்க் கோகோ பூச்சிலும் வெள்ளைப் பூச்சிலும் முக்குங்கள். நீலத்தைக் கோடாகவும் தொப்பியாகவும் மட்டும் பயன்படுத்துங்கள். கறுப்பான உருண்டையின் மேல் மஞ்சள் பேட்ஜ் வைத்தால் நீலத்தைவிட எடுப்பாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

பேட்ஜ் எப்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் சிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லா ஊரிலும் பேட்ஜ் நட்சத்திரமாக இருக்காது. நியூயார்க்கில் கேடய வடிவம், லாஸ் ஏஞ்சலஸில் நீள்வட்டம், சிகாகோவில் ஐந்து முனை நட்சத்திரம், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏழு முனை. மாநிலப் புலனாய்வுப் பிரிவான டெக்சஸ் ரேஞ்சர்களுடையது வட்டத்துக்குள் நட்சத்திரம், பழைய மெக்சிகோ ஐந்து பெசோ வெள்ளி நாணயத்திலிருந்து செய்யும் வழக்கம் அதற்கு உண்டு. ஷெரிஃப் அலுவலகங்களில் நட்சத்திரம் அதிகம். உங்கள் ஊர்க் காவல்துறையின் பக்கத்தைத் திறந்து பேட்ஜ் கேடயமா நட்சத்திரமா என்று பார்த்துவிட்டு அச்சு வாங்குங்கள். சிலிக்கான் அச்சில் மஞ்சள் கேண்டி மெல்ட்ஸை ஊற்றிப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் கழன்று வரும். உருக்கிய பூச்சு ஒரு புள்ளி வைத்து உருண்டையில் ஒட்டுங்கள். ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் பசையை உருட்டி வெட்டியும் செய்யலாம். மார்ஷ்மெல்லோவில் செய்த ஃபாண்டன்ட் என்றால் அதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சைவர்களுக்கு மட்டுமல்லாமல், அங்கே பணிபுரியும் முஸ்லிம், யூத அதிகாரிகளுக்கும் அது ஆகாமல் போகலாம்.

பேட்ஜைத் தங்கமாக மினுக்க ஆசை வரும். லஸ்டர் டஸ்ட் என்ற மினுக்குப் பொடி அதற்கென்றே விற்கிறது, ஆனால் அதில் பல அலங்காரத்துக்கு மட்டும்தான், தின்பதற்கு இல்லை. 'நச்சற்றது' என்று அட்டையில் போட்டிருந்தால் தின்னலாம் என்று பொருளாகாது. 2018 அக்டோபரில் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது. மேலே பூசிய பொடியில் தாமிரம் மிக அதிகமாக இருந்ததுதான் காரணம். அடுத்த ஆண்டு மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததற்கும் இப்படி ஒரு பொடியே காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. தின்னத்தக்கது என்று தெளிவாகப் போட்டு, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பட்டியலும் இருக்கும் பொடியை மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் வெறும் மஞ்சளே போதும், பேட்ஜ் பேட்ஜாகத்தான் தெரியும்.

பேட்ஜின் குறுக்கே கறுப்புக் கோடு போடாதீர்கள். சக அதிகாரி பணியில் இறந்தால் துக்கம் காட்ட அணிவது அது. அழகுக்காக யாராவது போட்டுவிட்டால், பார்ப்பவருக்கு யாரோ போய்விட்ட ஞாபகம் வரும். கறுப்பு வெள்ளைக் கொடியின் நடுவே ஒரு நீலக் கோடு இருக்கும் சின்னத்தையும் இணையத்தில் நிறையப் பார்த்திருப்பீர்கள். அது சிலருக்குப் பெருமை, சிலருக்கு அரசியல். போலீஸ் துறைகளே சில இடங்களில் பொது வரவேற்பறையில் அதை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கின்றன; லாஸ் ஏஞ்சலஸில் 2023இல் அப்படி உத்தரவு வந்தது. பிள்ளைகள் கொடுக்கும் இனிப்பில் அந்த வம்பு எதற்கு?

கைவிலங்கு, துப்பாக்கி, குண்டு இவையும் வேண்டாம் என்பேன். சின்ன பிரெட்சலை இரண்டாக ஒட்டினால் விலங்கு மாதிரி அழகாக இருக்கும் என்று சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் எட்டு வயதுப் பிள்ளை நன்றி சொல்லப் போகும் பெட்டியில் விலங்குக்கு வேலையில்லை. இன்னொன்று மிக முக்கியம். கேக் பால் அலங்காரங்களில் பன்றி முகம் மிகப் பிரபலம், இளஞ்சிவப்பு வில்லையும் இரண்டு காதும் வைத்தால் முடிந்தது. பிள்ளைகள் 'ஏதாவது ஒரு விலங்கு' என்று அதைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பார்கள். இந்த நாட்டில் போலீஸைப் பன்றி என்பது பழைய வசை. தெரியாமல் ஒரே ஒரு பன்றி முகம் பெட்டிக்குள் போனாலும் மொத்தப் பரிசும் கெட்டுவிடும்.

அப்புறம் டோனட். போலீஸ்காரர்கள் எப்போதும் டோனட் தின்றுகொண்டிருப்பார்கள் என்ற கேலி இங்கே ஊரறிந்தது. அதன் பின்னணி சாதாரணமானது: நாற்பது, ஐம்பதுகளில் ராத்திரி ரோந்து போகிறவர்களுக்குத் திறந்திருந்த இடம் டோனட் கடைகள்தான். விடிகாலை வியாபாரத்துக்காக ராத்திரியே சுட ஆரம்பித்துவிடுவார்கள். காபி கிடைக்கும், உட்கார்ந்து அறிக்கை எழுதலாம், போன் இருக்கும். கடைக்காரருக்கும் அந்த நேரத்தில் போலீஸ் வந்து உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு. கேலியை அவர்களே செய்துகொள்வார்கள். முன்பின் தெரியாதவர் செய்தால் சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு அலுத்திருக்கும். எனவே பெட்டி முழுக்க டோனட் வேண்டாம். உருண்டையைக் கொஞ்சம் தட்டி, நடுவில் குழித்து, மேலே பிங்க் பூச்சும் வண்ணத் தூவலும் போட்டு இரண்டோ மூன்றோ வைத்தால் போதும். அந்த நிலையத்தில் உங்களுக்கு யாரையும் தெரியாது என்றால் அதுவும் இல்லாமலே விடலாம்.

அதைவிட நன்றாக எடுபடுவது '10-4'. வயர்லெஸ்ஸில் 'புரிந்தது' என்று சொல்லும் குறியீடு. முப்பதுகளின் கடைசியில் இலினாய் மாநிலப் போலீஸ் வழியாகப் பரவிய இந்த எண் வழக்கத்தை இப்போது பல துறைகள் கைவிட்டு, பேச்சு மொழியிலேயே பேசுகின்றன. ஆனாலும் 10-4 தெரியாத போலீஸ்காரர் கிடையாது. வெள்ளை உருண்டையில் நீலப் பூச்சால் அந்த எண்ணை எழுதுங்கள். உருக்கிய பூச்சைச் சின்ன பிளாஸ்டிக் பையில் ஊற்றி, முனையை ஊசி அளவு வெட்டினால் எழுதுகோல் தயார். டிஸ்பாட்ச் பெட்டிக்கு இதையே அதிகம் வையுங்கள், அவர்கள் நாள் முழுக்கப் பேசுவது வயர்லெஸ்ஸில்தானே.

தொப்பி வைப்பதென்றால் எல்லா உருண்டைக்கும் வைக்காதீர்கள், உட்கார்ந்து செய்தால் விடிந்துவிடும். ஒரு நீல கேண்டி வில்லை, அதன் மேல் சின்ன ஃபாண்டன்ட் மேடு, முன்னால் பிறை வடிவில் ஒரு கறுப்புத் துண்டு, இவ்வளவுதான் தொப்பி. ஐந்தாறு போதும். கண், மூக்கு, வாய் வரைந்து முகமாக்குவதை நான் தவிர்ப்பேன். தோல் நிறத்தில் ஒரே முகத்தை வரிசையாக வைத்தால் அந்த நிலையத்தில் இருக்கும் எல்லோருடைய முகமும் அதில் இருக்காது.

அலங்காரம் முடிந்த பின் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுக்கும்போது வியர்த்து, நீலம் வெள்ளையில் இறங்கிவிடும். ஏசி போட்ட அறையில், மூடிய டப்பாவில் ஒரு ராத்திரி இருந்தால் ஒன்றும் ஆகாது. கொடுப்பதற்கு முந்தின நாள் செய்வதே சரி. காரில் கொண்டுபோகும்போது பெட்டி டிக்கியில் இருக்கக் கூடாது, ஏசி படும் இடத்தில் இருக்க வேண்டும். டெக்சஸ் வெயிலில் டிக்கிக்குள் பத்து நிமிடம் போதும், பேட்ஜ் எல்லாம் வழுக்கிக் கீழே இறங்கிவிடும்.

பொட்டலம் கட்டுவதை அலங்காரத்துக்குச் சமமாக நினையுங்கள். இவர்கள் உட்கார்ந்து தட்டில் வைத்துச் சாப்பிடுபவர்கள் கிடையாது. ரோந்துக்குக் கிளம்பும்போது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள், கையுறையைக் கழற்றிய கை. அதனால் ஒவ்வொன்றையும் சின்னக் காகிதக் கிண்ணத்தில் வைத்து, செலோஃபேன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒருவர் தொட்டதை இன்னொருவர் எடுக்க வேண்டியிராது, பிரித்தார்களா என்றும் பார்த்தாலே தெரியும். பெட்டி மூடி உள்ளே தெரிகிற மாதிரி இருக்கட்டும். மேலே ஒரு தாள் ஒட்டுங்கள்: யார் செய்தது, போன் நம்பர், செய்த தேதி, சேர்ந்த பொருள்கள். கோதுமை, பால், சோயா இருப்பதைத் தனியாக எழுதுங்கள், முட்டை சேர்க்கவில்லை என்பதையும் எழுதுங்கள். 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் ஒன்பது முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்றாகிவிட்டது. நம் வீடுகளில் நல்லெண்ணெய்க் கை எங்கும் பட்டிருக்கும், ஆகவே அன்றைக்குப் பாத்திரங்களைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள். 'வேர்க்கடலை, முந்திரி, பாதாம் இருக்கும் சமையலறையில் செய்தது' என்று ஒரு வரியும் சேருங்கள்.

ஒரே பெட்டியாகக் கொடுத்தால் பகல் ஷிஃப்டிலேயே தீர்ந்துவிடும். நாற்பதை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் மேல் 'இரவுப் பணிக்கு' என்று எழுதுங்கள். முதல் போனிலேயே ஷிஃப்ட் மாறும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு அரைமணி முன்னால் போனால் இரண்டு தரப்பையும் பிடித்துவிடலாம். பிள்ளைகள் கையால் எழுதிய அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் தனியாகக் கொடுங்கள். இனிப்பு தீர்ந்த பிறகும் அட்டையைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். அதில் வீட்டு முகவரி, பள்ளியின் பெயர் எதுவும் வேண்டாம், பிள்ளையின் முதல் பெயர் போதும்.

போனில் 'வீட்டுப் பண்டம் வாங்குவதில்லை' என்று சொல்லிவிட்டால் மறுபடி கெஞ்ச வேண்டாம். கடையில் முத்திரை உடையாத காபித் தூள் பாக்கெட்டும் பிஸ்கட்டும் வாங்கி, அட்டையோடு கொடுங்கள். உருண்டைகளை அக்டோபரில் தெருவில் நடக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குச் செய்து மேசையில் வையுங்கள். வருகிற அதிகாரி எடுத்தால் எடுக்கட்டும், எடுக்காவிட்டால் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மிச்சம் வைக்கப் போவதில்லை.